ஒரே கொட்டு, ஆளுக்கொரு பேச்சு

கேசட்டில் பேசி அனுப்புவது என்றால் என்னவென்று இன்றைக்கு விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கிறது. அதுவே எனக்கு அலுப்பாக இருக்கிறது. எண்பதுகளில் வெளிநாட்டில் ஆள் இருந்த வீடுகளில் எல்லாம் இது உண்டு. வெற்றுக் கேசட் ஒன்றை டேப் ரிக்கார்டரில் போட்டு, வீட்டில் இருப்பவர்கள் ஒவ்வொருவராக அதன் முன் உட்கார்ந்து பேசுவார்கள். அதைக் கட்டி அனுப்பினால் அங்கிருந்து பதிலும் கேசட்டாகவே வரும். எங்கள் வீட்டு ஆள் கப்பலில் ஃபிட்டர். கப்பலுக்கு ஃபோன் ஏது? ஆகவே கேசட்தான் எங்களுக்கு எல்லாம். குரலைக் கேட்க முடிகிறதே என்று வீட்டில் மற்றவர்களுக்குப் பெருமை. எனக்கு மட்டும் அந்தக் கேசட் ஞாயிற்றுக்கிழமை வந்தாலே பற்றிக்கொண்டு வரும்.

நான் உறையூரில் பிறந்து ஸ்ரீரங்கத்தில் வாழ்க்கைப்பட்டவள். வீட்டில் மாமனார், மாமியார், கணவரின் அண்ணன், அவர் மனைவி. ஓரகத்தியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். கல்யாணமான இரண்டாம் மாதமே என் கணவர் கப்பலேறிவிட்டார். அந்த இரண்டு மாதத்தில் பாதி நாள் விருந்துக்குப் போய்ச் சாப்பிட்டதில் கழிந்தது. அவரோடு மனம்விட்டுப் பேசினேன் என்று சொல்ல ஒரு நாள்கூட ஞாபகமில்லை.

கேசட் ஞாயிறு எப்படி நடக்கும் தெரியுமா? சாப்பாடு முடிந்ததும் கூடத்தில் பாயை விரித்து, நடுவில் அந்தப் பழைய டேப் ரிக்கார்டரை வைப்பார் மாமா. மைக் எல்லாம் தனியாகக் கிடையாது. உள்ளேயே இருக்கும். குனிந்து பேச வேண்டும். முதலில் மாமா. காவிரியில் தண்ணீர் எவ்வளவு போகிறது, எந்தச் சொந்தக்காரர் வீட்டில் என்ன விசேஷம், யார் போய்ச் சேர்ந்தார் என்று ரேடியோச் செய்தி மாதிரி நிறுத்தி நிறுத்திச் சொல்வார். அடுத்தது அத்தை. “கண்ணு, சாப்பிட்டியாடா” என்று ஆரம்பித்து நேராக அழுகைக்குப் போய்விடுவார். அழுகை முடிந்ததும் என் சமையலைப் பற்றி ஒரு வார்த்தை. பிறகு மூத்தவர். பிறகு அக்கா, அடுத்த முறை வரும்போது என்னென்ன கொண்டுவர வேண்டும் என்று. எல்லாம் முடிந்து கேசட் கடைசிக்கு வந்துவிட்ட நேரத்தில், “நீயும் ரெண்டு வார்த்தை பேசும்மா” என்பார் மாமா.

எல்லோரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். “நல்லாருக்கேன். நீங்க உடம்பைப் பாத்துக்குங்க” என்பேன். டக்கென்று பட்டன் எழும்பிவிடும். அவ்வளவுதான் என் குடும்ப வாழ்க்கை.

தனியாகக் கடிதம் எழுதியிருக்கலாமே என்று கேட்பீர்கள். ஒரு தடவை எழுதினேன். பெரிதாக ஒன்றுமில்லை, சாயந்திரம் ஆனால் உங்கள் நினைவாக இருக்கிறது என்கிற மாதிரி நாலு வரி. அவரும் பதில் எழுதினார். அந்த மனிதர் என் பெயருக்கு எழுதாமல் வழக்கம்போல அப்பா பெயருக்கே கவரை அனுப்பிவிட்டார். மாமா அதைப் பிரித்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கூடத்தில் எல்லோருக்கும் உரக்கப் படித்தார். எனக்கு எழுதிய பகுதி வந்ததும் நிறுத்துவார் என்று பார்த்தேன். நிறுத்தவில்லை. அதையும் அதே ரேடியோக் குரலில் படித்து முடித்து, “எழுத்து நல்லாத் திருந்திருக்கு” என்றார். அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அடுக்களைக்குள் ஓடினாள். அதற்குப் பிறகு நான் கடிதத்தைத் தொடவில்லை.

இந்த நிலையில்தான் எனக்கு வேலை வந்தது. நான் பி.எட். முடித்தவள். கல்யாணத்துக்கு முன் விண்ணப்பம் போட்டிருந்த, ஜங்ஷன் பக்கத்துப் பெண்கள் பள்ளி ஒன்றிலிருந்து கணக்கு டீச்சராக வரச் சொல்லிக் கூப்பிட்டார்கள். தலைமை ஆசிரியையாக இருந்த சிஸ்டர் என்னை உட்காரவைத்துப் பேசி, “ஜூன்ல ஸ்கூல் திறக்கறப்ப வந்து சேர்ந்துடுங்க. அதுக்கு மேல எடத்தை வெச்சிருக்க முடியாது” என்றார். அப்போது மாசி கடைசி. பஸ்ஸில் பாலத்தைத் தாண்டும்போது எனக்குச் சிரிப்பு சிரிப்பாக வந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் தள்ளி உட்கார்ந்தாள்.

வீட்டில் யாரும் முடியாது என்று சொல்லவில்லை. சொன்னால் சண்டையாவது போட்டிருக்கலாம். “எங்களுக்கு என்னம்மா, அவன் ஒரு வார்த்தை சொல்லட்டும்” என்றார் அத்தை. “ஆமா, அவன் வாயால சொல்லட்டும்” என்றார் மாமா. கடிதம் என்றாலே கூசிப்போன எனக்கு, அந்த ஒரு வார்த்தையை அவரிடம் கேட்கும் வழி அந்தக் கூடத்து டேப் ரிக்கார்டர் மட்டும்தான் என்பது அவர்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கேசட் கடைசியில் எனக்குக் கிடைக்கிற அந்த இரண்டு வார்த்தையில், எல்லோர் முன்னாலும், இந்த வீட்டில் பகலெல்லாம் எனக்கு மூச்சு முட்டுகிறது, எனக்கு அந்த வேலை வேண்டும் என்று எப்படிச் சொல்வது?

பங்குனியில் அவரிடமிருந்து பார்சல் வந்தது. அவர் பேசிய கேசட் ஒன்று, கூடவே ஒரு பாட்டுக் கேசட். அட்டையில் பச்சையும் மஞ்சளுமாக நாலைந்து பேர் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். மேலே ‘டான்ஸ்ஹால்’ என்று ஆங்கிலத்தில் போட்டிருந்தது. அவர் பேசியதைத்தான் முதலில் கேட்டோம். ஒரு பக்கம் முடிந்து திருப்பிப் போடுவதற்குள் கரண்ட் போய்விட்டது. மறுநாள் கரண்ட் வந்ததும் பாக்கியைக் கேட்காமல் மாமா அந்தப் பாட்டுக் கேசட்டைத் தூக்கிப் போட்டார். அதற்கென்று ரேடியோவும் கேசட்டும் சேர்ந்த பெரிய டூ-இன்-ஒன் ஒன்று இருந்தது. அவர் முதல் லீவில் கொண்டு வந்தது. அதில் பதிவு செய்யும் பட்டனை அக்கா எப்போதோ உடைத்திருந்தாள். பாட்டு மட்டும் கேட்கும்.

முதல் பாட்டு ஓடியது. டும், டக்கு டக்கு, டும். பொம்மைக் கீபோர்டில் அடித்த மாதிரி ஒரு கொட்டு. அதன் அடியில் வயிற்றைப் பிசைகிற மாதிரி ஒரு கிட்டார். மேலே ஒரு ஆள் பாட்டுமில்லாமல் பேச்சுமில்லாமல் பொரிந்து தள்ளினான். முடிந்தது. இரண்டாம் பாட்டு. டும், டக்கு டக்கு, டும்.

“இதத்தானே இப்ப கேட்டோம்?” என்றார் மாமா. அதை ஓட்டித் தள்ளி மூன்றாவதைப் போட்டார். டும், டக்கு டக்கு, டும். நான்காவது. அதே. கேசட்டைத் திருப்பினார். அங்கேயும் அதே. “ஏமாத்திட்டான்யா எம்புள்ளைய! ஒரே பாட்டை ரெண்டு பக்கமும் ரொப்பி வித்திருக்கான்” என்று எழுந்துவிட்டார்.

அதோடு விட்டாரா? மலைக்கோட்டைக்குக் கீழே பாட்டுப் பதிந்து கொடுக்கும் கடை ஒன்றுக்கு அந்த வெயிலில் அதை எடுத்துக்கொண்டு போனார். துணைக்கு நான் வேறு. கடைக்காரர் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் தலையை ஆட்டிவிட்டு, “சார், மியூசிக் டிராக் மாறாம நின்னுபோச்சு. மெஷின் ஃபால்ட். இதுல ஒரு பாட்டை மட்டும் வெச்சுக்கிட்டு மிச்சத்துல நம்ம பாட்டு பதிஞ்சு தரட்டுமா?” என்றார். மாமாவுக்கு அது நியாயமாகப் பட்டது. கேசட்டின் மேல்முனையில் உடைத்திருக்கும் ஓட்டையில் காகிதத்தைத் திணித்தால் மறுபடி பதிவு செய்யலாம். கடைக்காரர் காகிதத்தைத் திணித்தே விட்டார். “அவரைக் கேக்காம அழிக்க வேண்டாம் மாமா” என்று நான் பிடுங்காத குறையாக வாங்கிவந்தேன். கணவர் மேல் இருந்த பாசத்தில் அல்ல. அந்த வீட்டுக்கு வருகிற எதையும் எல்லோருமாகச் சேர்ந்து சரிசெய்துவிடுகிறார்களே என்ற ஆத்திரத்தில்.

மறுநாள் மத்தியானம் எல்லோரும் படுத்த பிறகு, சத்தத்தைக் குறைத்து அதை முழுக்கக் கேட்டேன். ஒரு வார்த்தை புரியவில்லை. ஆனால் ஒரே பாட்டு இல்லை என்பது மட்டும் எனக்கு மூன்றாவதிலேயே தெரிந்துவிட்டது. ஒருத்தன் ஜம்பம் அடிக்கிறான். ஒரு கிழவர் யாரையோ திட்டுகிறார். ஒரு பெண் கெஞ்சுவது மாதிரி ஆரம்பித்து, போடா என்பது போல முடிக்கிறாள். ஆட்கள் வேறு, அவரவர் சமாசாரம் வேறு. அடியில் ஓடுகிற கொட்டு மட்டும் ஒன்று. இரண்டாம் பக்கத்தின் கடைசியில் யாருமே பாடவில்லை. வெறும் கொட்டு மட்டும் ஓடியது. பாடவேண்டிய ஆள் வரவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

விளக்கமெல்லாம் அவர் பேசிய கேசட்டின் கேட்காத பக்கத்தில் இருந்தது. யாருக்கும் அது நினைவில்லை. நான்தான் எடுத்து எல்லோருக்கும் போட்டேன். “அப்பா, அந்தப் பாட்டுக் கேசட் எங்க கப்பல் சமையல்காரர் குடுத்தது. ஜமைக்காக்காரர். அந்த ஊர்ல ஒரே ரிதத்தைப் போட்டுட்டு ஆளாளுக்கு வந்து பாடுவாங்களாம். நம்ம வீட்டுல எல்லாரும் கேசட்டுல பேசறதை அவருக்குப் போட்டுக் காமிச்சேன். விழுந்து விழுந்து சிரிச்சாரு. கடைசில வெறும் ரிதம் மட்டும் இருக்கும். அடுத்த தடவை அதை ஓடவிட்டு அது மேல பேசி அனுப்புங்க. அவருக்கு அதைக் கேக்கணுமாம்.”

முன்பின் தெரியாத ஒரு சமையற்காரர் ஆசைப்பட்டாராம். இவர் எங்களை ஆடச் சொல்கிறார். பெண்டாட்டி என்ன நினைக்கிறாள் என்று கேட்கத் தோன்றவில்லை. எனக்கு வந்த கோபத்தில் அன்று ரசத்தில் இரண்டு தடவை உப்புப் போட்டேன். அதுவும் அடுத்த கேசட்டில் பதிவாகிற அளவுக்குப் பெரிய விஷயமாயிற்று.

அந்த ஞாயிறு வந்தது. பெரிய செட்டில் கொட்டு ஓட, பக்கத்தில் சின்ன ரிக்கார்டர் பதிவு செய்ய, நடுவில் ஆள். அந்தக் கடைசிப் பகுதி கொஞ்ச நேரம்தான் ஓடும். ஒவ்வொருவர் பேசும்போதும் அது முடிந்துவிடும். திரும்பத் திரும்பச் சுற்றிப் பின்னால் கொண்டுவர வேண்டும். அந்த உத்தியோகம் எனக்கு. மாமா கொட்டு ஆரம்பித்ததும் பயந்துபோய் வேகமாகப் பேச ஆரம்பித்தார். காவிரித் தண்ணீரும் சாவுச் செய்தியும் தாளத்தோடு போயின. அத்தை அழுவதற்கு அந்தக் கொட்டு நன்றாகவே ஒத்துழைத்தது. அவர் அழுதுகொண்டே, “அவளை வேலைக்கு அனுப்பினா ஊரு என்னடா பேசும்? ஒனக்கு நாங்க இல்லையா? வேணாண்டா கண்ணு” என்றார். நான் பக்கத்தில் உட்கார்ந்து சுற்றிக்கொண்டிருந்தேன். மூத்தவரும் அதையே சொன்னார். அக்காவாவது எனக்குப் பரிந்து பேசுவாள் என்று பார்த்தேன். “தம்பி, ஒரு மிக்ஸி” என்றாள்.

“எங்க மண்ணச்சநல்லூர் பக்கம் எழவு வீட்டுல இப்பிடித்தான். மெட்டு ஒண்ணு, அழறவ குறை ஆளுக்கு ஒண்ணு” என்று அக்கா எழுந்தபோது சொன்னாள். “புள்ளைக்குப் பேசி அனுப்பற நேரத்துல எழவா? வாயைக் கழுவுடி” என்று அத்தை அவள்மேல் பாய்ந்தார். எனக்கு மட்டும் அவள் சொன்னது சரியாகப் பட்டது. அந்த வீட்டில் நாள் முழுக்க ஒரே கொட்டு. அதன்மேல் எல்லோருக்கும் பேச இடமிருந்தது, எனக்குத்தான் இல்லை.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. என் முறை வந்ததும் பெரிய செட்டின் சத்தத்தை ஏற்றினேன். “எதுக்கும்மா இவ்வளவு?” என்றார் மாமா. “அவருக்கு நல்லாக் கேக்கட்டும் மாமா” என்றேன். கூடமே அதிர்ந்தது. அத்தை காதைப் பொத்திக்கொண்டு உள்ளே போனார். நான் சின்ன ரிக்கார்டரின் மேல் கவிழ்ந்து, உதடு அதில் படுகிற மாதிரி வைத்துக்கொண்டு, எல்லாவற்றையும் சொன்னேன். பள்ளிக்கூடத்தைச் சொன்னேன். சிஸ்டர் சொன்ன ஜூன் மாதத்தைச் சொன்னேன். “நீங்க இல்லாத வீட்டுல நான் யாருங்க? அத்தை சொல்றத நம்பாதீங்க. ‘அவளை அனுப்புங்க’ன்னு ஒரு வார்த்தை, உங்க வாயால, அப்பாகிட்ட சொல்லிடுங்க. வேற எதுவும் வேண்டாம்” என்றேன். முதல் தடவையாக என் கணவரோடு நான் பேசினேன். பேசும்போதே அழுகை வந்தது. கொட்டு முடிவதற்குள் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

மாமா கேசட்டைத் துணியில் தைத்துக் கப்பல் கம்பெனி ஆபீசுக்கு அனுப்பினார். சித்திரை போனது. நான் இரண்டு தடவை உறையூருக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, அப்படியே ஜங்ஷன் வரைக்கும் போய் அந்தப் பள்ளிக்கூடத்தை வெளியில் நின்று பார்த்துவிட்டு வந்தேன். கேட் பூட்டியிருந்தது. உள்ளே வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு வார்த்தை வந்துவிட்டால் போதும் என்று கோபுரத்தைப் பார்க்கும்போதெல்லாம் வேண்டிக்கொண்டேன்.

ஸ்கூல் திறக்கப் பத்து நாள் இருக்கும்போது பதில் கேசட் வந்தது. எல்லோரும் உட்கார்ந்தோம். அவர் குரலில் ஒரே சிரிப்பு. “அப்பா, நீங்க பேசினது பிரமாதம். சமையல்காரர் நாலு தடவை போட்டுக் கேட்டாரு. அம்மா அழறத கேட்டு எங்க மெஸ்ஸுல எல்லாரும் அழுதுட்டாங்க. அண்ணி, மிக்ஸி பாக்கறேன்” என்று ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டே வந்தார். நான் செட்டின் பக்கம் இன்னும் நகர்ந்து உட்கார்ந்தேன். கடைசியில் என் பெயரைச் சொன்னார். “நீ பேசினது ஒண்ணும் கேக்கல. வெறும் ரிதம்தான் கேட்டுது. உள்ளுக்குள்ள ஏதோ முணுமுணுன்னு இருந்துது. ஆனா சமையல்காரருக்கு அதுதான் எல்லாத்துலயும் ரொம்பப் புடிச்சுதாம்! அடுத்த தடவையும் இதே மாதிரி அனுப்புங்க. அம்மா சொல்றபடி நடந்துக்கோ, என்ன?”

“கேட்டியாம்மா? அவன் வாயாலயே சொல்லிட்டான்” என்றார் அத்தை.

எனக்கு யார்மேல் கோபம் வந்தது என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை. கேட்காத அந்த மனிதர் மேலா, கேட்டு ரசித்த அந்தச் சமையற்காரர் மேலா, சத்தத்தை ஏற்றிய என் மேலா? அழுகை வரும் என்று பார்த்தேன். வரவில்லை. ஒரு வாரம் யாரோடும் முகம் கொடுத்துப் பேசாமல் மாவு அரைத்தேன், துணி துவைத்தேன், தண்ணீர் இறைத்தேன்.

அடுத்த ஞாயிறு பாய் விரித்தார்கள். மாமா தொண்டையைக் கனைத்துக்கொண்டு, “கொட்டைப் போடும்மா” என்றார். நான் போய்ப் பெரிய செட்டின் பிளக்கைப் பிடுங்கினேன். திரும்பி வந்து மாமா உட்கார வேண்டிய இடத்தில் உட்கார்ந்து, சின்ன ரிக்கார்டரின் இரண்டு பட்டனையும் சேர்த்து அழுத்தினேன்.

“என்னங்க, நான் பேசறேன். இன்னிக்குக் கொட்டு இல்ல. நல்லாக் கேக்கும். ஜங்ஷன் பக்கத்து ஸ்கூல்ல எனக்குக் கணக்கு டீச்சர் வேலை கெடைச்சிருக்கு. நாளைக்குப் போய்ச் சேர்றேன். போன தடவை உங்களைக் கேட்டேன். இந்தத் தடவை கேக்கல, சொல்றேன்.”

“அவன்தான் வேணாம்னு சொல்லிட்டானே!” என்றார் அத்தை.

“அவர் வேணாம்னு சொல்லல அத்தை. அவருக்குக் கேக்கல.”

“டேப்ப நிறுத்தும்மா மொதல்ல” என்றார் மாமா.

“ஓடட்டும் மாமா. அவரும் கேக்கட்டும்.”

“அப்ப காலைல சமையல் யாரு பண்றது?” அத்தையின் குரல் உயர்ந்தது. நான் ரிக்கார்டரைத் தூக்கி அவர் முன்னால் நகர்த்தி வைத்தேன். “அதையும் இதுலயே சொல்லுங்க அத்தை. நல்லாக் குனிஞ்சு சொல்லுங்க.”

அத்தை முந்தானையால் வாயை மூடிக்கொண்டு தலையை ஆட்டினார். மாமா பக்கம் நகர்த்தினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். மூத்தவர் எழுந்து சட்டையைத் தேடினார். அக்கா என்னை ஒரு தரம் பார்த்தாள், பிறகு ரிக்கார்டரைப் பார்த்தாள். டேப் சுற்றிக்கொண்டே இருந்தது. பக்கம் முடிந்து பட்டன் தானாக எழும்பும்வரை நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். அந்த மாதம் கப்பலுக்குப் போன கேசட்டில் என் குரல்தான் பெரும்பாலும் இருந்தது.